அடிவாரத்து மாமா

மலைக்குப் போகிற குடும்பம் எதுவானாலும் அதில் இப்படி ஒருவர் இருப்பார். வேனில் முன் சீட்டு அவருடையது. வெள்ளனே எழுந்து எல்லாரையும் விரட்டுவதும், தண்ணீர் பாட்டிலை எண்ணுவதும், "வெயிலுக்கு முன்னாடி ஏறிடணும்" என்று ஏழு தடவை சொல்வதும் அவர்தான். வேன் போய் நிற்கும். எல்லாரும் இறங்கி, அண்ணாந்து பார்த்து, "ஆத்தாடி, எம்புட்டு உசரம்!" என்று சொல்லி முடிப்போம். அப்புறம் ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிக்காகவே காத்திருந்தவர் போலத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் பையப் பாத்துக்கிறேன்."

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என் தாய்மாமாவுக்கு. வயது அறுபத்து நாலு, ஊர் சமயநல்லூர். ஊருக்குத் தெற்கே நாகமலை நீளமாகக் கிடக்கிறது. எழுந்து நிற்காமல் படுத்தே கிடக்கிற மலை என்பதால் மாமாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

அவருடைய அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட முடியாது. கீழக்குயில்குடி சமணர்மலைக்கு நாலு தடவை போயிருக்கிறார். அங்கே தாமரைக் குளம் இருக்கிறது, அய்யனார் கோயில் இருக்கிறது, விழுது இறங்கிய ஆலமரங்கள் இருக்கின்றன. எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்கு மனப்பாடம். செட்டிப்புடவில் மகாவீரர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டால், "நம்மள மாதிரிதான், சம்மணம் போட்டு" என்பார். பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களையும் அவற்றுக்குக் கீழே இருக்கும் வட்டெழுத்தையும் பார்த்துவிட்டு நாங்கள் வேர்க்க வேர்க்க இறங்கி வந்தபோது, ஆலமரத்து வேரில் தலை வைத்துப் படுத்திருந்தவர் எழாமலே ஒரு வார்த்தை சொன்னார்:

"சமண முனிவருங்க மேல ஏறுனது ஆசையத் துறக்குறதுக்கு. எனக்கு இன்னும் ரெண்டு மூணு ஆசை பாக்கி இருக்கு மாப்ள."

திருச்சி மலைக்கோட்டையில் அவர் கீழே மாணிக்க விநாயகரோடு நின்றுவிட்டார். "மேல இருக்குறது உச்சிப் பிள்ளையார், இவரு அடிவாரத்துப் பிள்ளையார். ஆள் ஒருத்தர்தானப்பா? ஒரே ஆள ரெண்டு தடவ பாக்க எதுக்கு நானூறு படி?" பழனியில் இழுவை ரயில் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது, முழங்கால் வலி என்கிற பேச்சுக்கே அங்கே வேலை இல்லை. ஆனால் நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாம் படைவீடாகச் சொல்வது ஆவினன்குடியை. அந்தக் கோயில் இருப்பது அடிவாரத்தில். இதை எங்கிருந்தோ படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பழனி விஷயத்தில் மாமாவை அசைக்க முடியவில்லை. திருப்பரங்குன்றமா? குடைவரையே அடிவாரத்தில்தான். அழகர்கோவிலா? "அழகரே அடிவாரத்துலதான இருக்காரு. அதுவும் பத்தாதுன்னு சித்திரையில மதுரைக்கு வேற எறங்கி வர்றாரு. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துத் தேனூருக்குல்ல வந்தாரு! சாமி எறங்கி வர்ற ஊர்க்காரன் எதுக்குய்யா ஏறணும்?"

நாலு மலையின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒருவர் ஒரு தத்துவத்தையே கட்டியிருக்கிறார் என்றால் சும்மா இல்லை.

போன மே மாதம் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போனோம். பெரியவனுக்குப் பள்ளியில் கோடை விடுமுறைக் கட்டுரை: 'நான் பார்த்த ஒரு வரலாற்றுச் சின்னம்.' சின்னவளுக்கு ஏழு வயது, அவளுக்குக் கட்டுரை கிடையாது, கேள்வி மட்டும்தான். நான், என் மனைவி, மாமா, அத்தை, அத்தையின் தங்கை, அவர் மகள், மகளின் இரண்டு பிள்ளைகள் என்று வேன் நிறைந்துவிட்டது. வாடிப்பட்டி தாண்டி, வலப்பக்கம் சிறுமலை கூடவே வந்துகொண்டிருக்க, மாமா முன் சீட்டில் உட்கார்ந்து படைத்தளபதி மாதிரி உத்தரவு போட்டார்.

"தண்ணிய மொத்தமாக் குடிக்கக் கூடாது. வாய நனைக்கணும், அம்புட்டுதான். படி வழுக்கும், செருப்ப இறுக்கமாப் போடணும். கைப்பிடிய விடக் கூடாது. மூச்சு வாங்குனா உக்காந்துறணும், வெக்கப்படக் கூடாது."

இத்தனையும் ஏறப்போகிறவன் பேசுகிற பேச்சு. மாமாவை அறியாத என் மனைவியின் தோழி யாராவது வேனில் இருந்திருந்தால் நம்பியே இருப்பாள். அத்தை மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எப்பவும் பையப் பாக்குறவரு இன்னைக்கு எதப் பாக்கப் போறாராம்?"

"முப்பது வருசம் மின்வாரியத்துல வேல பாத்தவன்டி. ஏறாத கம்பமா?"

"எங்க ஏறுனீங்க? மீட்டர் கணக்கு எடுத்தீங்க. மீட்டரு திண்ணையிலதான இருந்துச்சு."

கொடைரோடு வரை வேனில் யாரும் பேசவில்லை.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கட்டைப்பை. ஜவுளிக்கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் கொடுப்பார்களே, இரண்டு பக்கமும் மரக்கட்டைக் கைப்பிடி வைத்து, கடை பெயரைப் பெரிதாக அச்சடித்து, அதே பை. தென்மாவட்டத்தில் ஒரு குடும்பம் வெளியூர் கிளம்புகிறது என்றால் அந்தப் பை இல்லாமல் கிளம்பாது. எங்கள் பையில் புளியோதரை வாளி, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, துண்டு, பிஸ்கட், அத்தைக்கு அவர் அப்பா சீராகக் கொடுத்த, பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளியில் மோர். அந்தத் தூக்குவாளியை அத்தை தொட்டால் சரி, மாமா தொட்டால்கூட ஒரு பார்வை விழும்.

திண்டுக்கல் பாறையை முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். ஊர் நடுவே மொட்டையாக, ஒரு பெரிய திண்டைக் கிடத்தி வைத்த மாதிரி ஒரே கல். திண்டு போன்ற கல் என்பதால்தான் திண்டுக்கல் என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற பெயர்க்கதை. மாமா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "திண்டுன்னா சாஞ்சுக்கிறதுக்குத்தான?" என்றார். அவர் எங்கே போய் நிற்கப் போகிறார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நுழைவுச் சீட்டு வாங்குகிற இடத்தில் பெரியவன் ஒரு பிரச்சினையைக் கிளப்பினான். தொல்லியல் துறைச் சின்னங்களில் பதினைந்து வயது வரைக்கும் பிள்ளைகளுக்குச் சீட்டு கிடையாது. அவனுக்குப் பன்னிரண்டு. ஆனாலும் தன்னைப் பெரியவனாக மதித்துச் சீட்டு எடுக்க வேண்டும் என்று ரோசப்பட்டான். நேர்மையான அந்தப் பிள்ளையை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால் மாமாவைக் காணோம். வேப்பமரத்தடியில் துண்டை விரித்து, கட்டைப்பையை மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, சீட்டு?"

"எதுக்கு மாப்ள காசு? நீங்க போயிட்டு வாங்க. நான் பைய..."

"பைய வேன்லயே வைக்கலாமே" என்றாள் என் மனைவி. அவள் எங்கள் குடும்பத்துக்கு வந்து பதினாலு வருடம்தான் ஆகிறது.

மாமா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "வேன் டிரைவர் தூங்குவாரு தாயி. தூங்குற மனுசன் பொறுப்புல பைய விடலாமா?"

டிரைவர் அதுவரை தூங்கவில்லை. இதைக் கேட்டபிறகு தூங்கப் போனார்.

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏற ஆரம்பித்தாள். அறுபது வயது, சர்க்கரை, இரண்டு முட்டியிலும் தேய்மானம். பின்னால் நாங்கள். பாறையிலேயே வெட்டிய படிகள், நிழல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது, மே மாத வெயில் மேலேயும் கீழேயும் வைத்துச் சுட்டது. மாமா வேனில் சொன்ன ஆலோசனை எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாமே சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். வாயை நனைத்தோம். கைப்பிடியை விடவில்லை. மூச்சு வாங்கியபோது வெட்கப்படாமல் உட்கார்ந்தோம்.

மேலே கோட்டைச் சுவர் பாறையை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. பீரங்கி வைக்கிற மாடங்கள், வீரர்கள் தங்கிய அறைகள், கிடங்குகள் என்று ஒவ்வொன்றிலும் பெரியவன் நுழைந்து வெளியே வந்து நோட்டில் குறித்துக்கொண்டான். நான் ஒரு மாடத்தில் உட்கார்ந்து, இத்தனை பீரங்கிக் குண்டை இந்தப் படியில் சுமந்து ஏறியவன் யாரோ, அவன் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராதே என்று நினைத்துக்கொண்டேன். வெயில் அப்படி நினைக்க வைத்தது. கிழக்கே சிறுமலை நீலமாக நின்றது. கீழே ஊர் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள்.

உச்சியில் ஒரு பழைய கோயில். தூண் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, கருவறை இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்த சின்னவள் திரும்பி வந்து கேட்டாள்:

"அப்பா, சாமி எங்க?"

"சாமிய ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கீழ ஊருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. இப்ப கீழதான் இருக்காரு. அபிராமி அம்மன் கோயில்ல."

அவள் யோசித்தாள். "தாத்தா மாதிரியா?"

அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஜோடி திரும்பிப் பார்த்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து இறங்கினோம். மாமா பழைய இடத்தில் இல்லை. நிழல் நகர நகர அவரும் நகர்ந்து, மூன்றாவது இடத்தில் இருந்தார். தனியாக இல்லை. அவரைப் போலவே வேட்டியைத் தளர்த்திவிட்டு, அவரைப் போலவே காலை நீட்டி, இன்னொருவர். இருவருக்கும் நடுவே வெற்றிலைப் பொட்டலம். எங்கே போனாலும் சோழவந்தான் வெற்றிலையோடுதான் போவார் மாமா. முன்பின் தெரியாதவரோடு உறவு தொடங்க அது போதும். மாங்காய்க் கீற்று விற்கிற அம்மா இருவருக்கும் கடன் கொடுத்திருந்தாள். மணிக்கணக்கில் பழகிய மாதிரி இல்லை, வருடக்கணக்கில் பழகிய மாதிரி இருந்தது.

"இவரு தேனிப் பக்கம்" என்று அறிமுகம் செய்தார் மாமா. "நம்ம மாதிரிதான், பையப் பாக்குறாரு. குடும்பம் மேல போயிருக்கு."

தேனிக்காரர் கும்பிட்டார். அந்தக் கும்பிடில் ஒரு தொழில்முறைக் கண்ணியம் இருந்தது.

அதன்பிறகு மாமா அறிக்கை வாசித்தார். "நீங்க போனப்புறம் நாப்பத்தி மூணு பேரு ஏறுனாங்க. முப்பத்தெட்டு பேரு எறங்கிட்டாங்க. மிச்சம் அஞ்சு பேரும் காதல் ஜோடி."

"அஞ்சு பேர் எப்படி மாமா ஜோடி?"

"அதான் எங்க ரெண்டு பேருக்கும் கவல."

பெரியவன் நோட்டை விரித்துக்கொண்டு கோட்டையின் வரலாற்றை அவருக்குச் சொல்லப்போனான். அங்கேதான் தப்பு செய்தான். நம் நாட்டுத் தொல்லியல் துறை ஒவ்வொரு சின்னத்தின் வாசலிலும் அறிவிப்புப் பலகை நடுகிறது. ஏறுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை, ஏற அவசரம். இறங்குகிறவர்கள் படிப்பதில்லை; கால் நடுக்கம். அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, இரண்டு மொழியில், மூன்று தடவை படிக்கிறவர்கள் இந்த அடிவாரத்தார் மட்டும்தான். போதாததற்கு மாங்காய்க்காரம்மா, சீட்டுக் கொடுப்பவர், தேனிக்காரர் என்று வாய்மொழிச் சான்றுகள் வேறு.

"1755-ல ஹைதர் அலி இங்கதான் பௌஜ்தாரு. அப்புறம் 1783-ல கும்பினிக்காரன் ஏறிப் பிடிச்சான். அடுத்த வருசமே மங்களூர்ல ஒப்பந்தம் போட்டு, எறங்கிக் குடுத்துட்டான். 1790-ல மறுபடி ஏறிப் பிடிச்சான். 1792-ல சீரங்கப்பட்டணத்துல ஒப்பந்தம், அதோட கோட்ட அவனுக்கு. ஒன்பது வருசத்துல இத்தன தடவ ஏறி எறங்கி என்னடா கண்டாங்க? கடைசியில முடிவானது எங்க? மங்களூருலயும் சீரங்கப்பட்டணத்துலயும். ரெண்டும் மலை மேலயா இருக்கு?"

பெரியவன் எழுதிக்கொண்டான். அவன் கட்டுரையில் அந்தப் பத்தி மட்டும் ஆசிரியையிடம் சிவப்பு மையில் 'நன்று' வாங்கியது. மேலே ஏறி அவன் குறித்த பீரங்கி மாடங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"செவத்துல யாரும் பேரு கீறலையே?" என்று அடுத்த கேள்வி. "1958-ஆம் வருசச் சட்டம். சின்னத்தச் சேதப்படுத்துனா ரெண்டு வருசம் உள்ள." சின்னவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் கீறவில்லை. ஆனாலும் மாமா சொல்கிற தொனி அப்படி.

நான் விடவில்லை. "என்ன இருந்தாலும் மாமா, மேல நின்னு பாக்குற மாதிரி வருமா?"

தேனிக்காரர் முதல் தடவையாக வாய் திறந்தார். "பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இந்த மலை மேல இருந்த சாமிக்கு ஒரு தூது பாடியிருக்காரு தம்பி. பத்மகிரிநாதர் தென்றல் விடு தூது. பத்மகிரின்னா இந்த மலைதான்."

"சரிங்கய்யா."

"தென்றலத்தான அனுப்புனாரு?"

மாமா அவரை அணைத்துக்கொள்ளாததுதான் பாக்கி. "அதே புலவரு நம்ம அழகருக்கும் ஒரு தூது பாடியிருக்காரு மாப்ள. அங்க கிளிய அனுப்புனாரு. நம்மாளு பூரா ஆளனுப்பித்தான் காரியம் பாத்திருக்கான்." தேனிக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டேன்; ரேஷன் கடையில் எடை போட்டவராம். அடிவாரம் ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது.

எவரெஸ்டுக்கே அடிவார முகாம் என்று ஒன்று உண்டு. அதுவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களையே ஊரில் எல்லாரும் வியந்து பார்க்கிறார்கள், உச்சிக்கு ஏன் போகவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த நியாயம் எனக்குத்தான் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பத்து வருடத்துக்கு அதை நான் கேட்க வேண்டியிருக்கும்.

தேனிக்காரரின் குடும்பம் இறங்கி வந்தது. அவர்களிலும் ஒரு பாட்டியம்மா சேலையைச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்தார். அவரும் எங்கள் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரத்தடியைப் பார்த்தார்கள்.

இரண்டு காவலர்களும் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். எழுந்து, வேட்டியை உதறிக் கட்டி, துண்டை மடித்து, பையை எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். புளியோதரையை மரத்தடியிலேயே சாப்பிட்டுவிடலாம் என்று அத்தை சொன்னாள். திண்டுக்கல் வரை வந்து புளியோதரையா என்று பிள்ளைகள் நாலு பேரும் ஒரே குரலில் அழுதார்கள். பிரியாணிக் கடையில் மாமா ஏறினார். அங்கே மாடிப்படி இருந்தது, பதினெட்டுப் படி. குளிர்சாதன அறை மேலே இருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சமயநல்லூர் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு மாமா திண்டுக்கல் கோட்டையை விவரித்துக்கொண்டிருந்தார். "உச்சியில ஒரு கோயில் இருக்கு பாருங்க, உள்ள சாமி கிடையாது. கிழக்க பாத்தா சிறுமலை அப்பிடியே நீலமா நிக்கும்..." நான் கதவோரம் நின்று கேட்டேன். நான் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. அந்த 'ஏங்க'வின் நீளத்தைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

அடுப்படியில் கட்டைப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தாள் அத்தை. அதே ஜவுளிக்கடை, அதே நிறம், அதே மரக்கைப்பிடி. உள்ளிருந்து வந்தவை: ஒரு சின்னப் பச்சைக் கவுன், யாரோ வீட்டுக் காதணி விழா தேதி வெட்டிய டம்ளர் இரண்டு, டப்பா நிறைய எலுமிச்சைச் சாதம், பாதி தீர்ந்த முட்டிவலித் தைலம்.

"எங்க அப்பா குடுத்த தூக்குவாளி எங்க?"

மாமா பையைப் பார்த்தார். தைலத்தைப் பார்த்தார். அதை எடுத்து ஜேபியில் வைக்கப்போய், திரும்ப வைத்தார்.

"ரெண்டர மணி நேரம் கண்ணு இமைக்காமப் பாத்தீங்களே!"

"பாத்தேன்ல. ஏதாச்சும் ஒண்ணு குறைஞ்சிருக்கா அதுல?"

அத்தையிடமிருந்து பதில் வரவில்லை என்றதும் செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். பத்து நிமிடம் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"வாளி பத்திரமா இருக்காம். மோரைக் குடிச்சிட்டாங்களாம், நல்லா இருந்துச்சாம். அவரு அடுத்த மாசம் குடும்பத்தோட பழனிக்குப் போறாராம். நம்மளும் போவோம், அங்க வச்சு மாத்திக்குவோம்னு சொல்லிட்டேன்."

"தாத்தா, மலை மேலயா?" என்று கேட்டாள் சின்னவள்.

மாமா எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.